முதல் வேலைக்கு நாலு சட்டை, ரெண்டு பேண்ட்: உடம்புக்கும் நிறத்துக்கும் பார்த்து எடுக்கும் முறை

கல்லூரி முடியும்வரை நம்மில் பலருக்குச் சட்டை எடுப்பது அம்மாவோ அக்காவோதான். வேலை உத்தரவு கையில் வந்ததும்தான் தெரிகிறது, ஒழுங்கான ஃபார்மல் சட்டை ஒன்றுகூட வீட்டில் இல்லை என்று. என் தம்பிக்கு வேலை கிடைத்தபோது அவனைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். அவன் ஒல்லி, நல்ல கறுப்பு, கை நீளம். நான் குள்ளம், தொப்பை, மாநிறம். இருவருக்கும் ஒரே கடையில் ஒரே விற்பனையாளர் ஒரே சந்தனக் கலர் சட்டையை எடுத்துப் போட்டு, “சூப்பரா எடுத்துக் காட்டும் சார்” என்றார். இணையத்தில் தேடினால் வெள்ளைக்காரர்களின் தோலுக்கும் குளிருக்கும் எழுதிய அட்டவணைகள் கிடைக்கின்றன. சென்னை வெயிலில் கோட்டுக்குள் எந்த நிற ஸ்வெட்டர் போடலாம் என்று தெரிந்து என்ன செய்வது?

எனவே அலைந்து, கேட்டு, தையல்காரர்களிடம் பேசித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். முதன்முதலாகத் தன் காசில் உடை எடுக்கப்போகிற பையன்களுக்காக எழுதியது இது. நாலு சட்டை, ரெண்டு பேண்ட் என்பது கணக்கு. ஐந்து நாள் வேலைக்கு அது போதும். சம்பளம் வந்தபிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

1. கடைக்குப் போகுமுன் டேப் வாங்குங்கள்

தையல் சாமான் விற்கும் கடையில் இருபது, முப்பது ரூபாய்க்கு அளவு டேப் கிடைக்கும். வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். நீங்களே அளந்தால் குனிவீர்கள், அளவு மாறிவிடும். எடுக்க வேண்டியவை: கழுத்துச் சுற்று, ஒரு தோள் எலும்பிலிருந்து மறு தோள் எலும்புவரை, மார்புச் சுற்று, வயிற்றுச் சுற்று, தோளிலிருந்து மணிக்கட்டு எலும்புவரை கை நீளம், பேண்ட் கட்டும் இடத்தில் இடுப்பு, சீட் (பின்புறம் அகலமாக இருக்கும் இடத்தின் சுற்று), தொடை, தொடை இடுக்கிலிருந்து கணுக்கால்வரை உள்கால் நீளம். வயிற்றை எக்கிக்கொண்டு அளக்காதீர்கள். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் எக்கிக்கொண்டு உட்கார முடியாது.

இப்போது லேபிளில் இருக்கும் எண்ணுக்கு வருவோம். பெரிய நிறுவனங்களின் ஃபார்மல் சட்டையில் 38, 39, 40, 42, 44 என்று இருப்பது பெரும்பாலும் கழுத்துப்பட்டியின் சுற்றளவு, சென்டிமீட்டரில். உள்ளூர்த் தயாரிப்பிலும் கேஷுவல் சட்டையிலும் டி-ஷர்ட்டிலும் அதே 38, 40 என்பது மார்பளவு, அங்குலத்தில். ஒரு கடையில் 40 சரியாக இருந்தது என்பதற்காக அடுத்த கடையிலும் 40 கேட்டால் பொருந்தாமல் போவது இதனால்தான். பேண்ட்டிலும் 34 என்று ஒட்டியிருப்பதை டேப் வைத்து அளந்தால் 35, 36 வருவது சாதாரணம்.

எண்ணை மறந்துவிட்டு, உங்களிடம் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அக்குளுக்கு அக்குள் அகலத்தை இரண்டால் பெருக்கினால் சட்டையின் மார்புச் சுற்று. அது உங்கள் உடம்பின் மார்பளவைவிட 4 முதல் 6 அங்குலம் கூடுதலாக இருந்தால் சாதாரண ஃபிட், 3 அங்குலத்தை ஒட்டி இருந்தால் ஸ்லிம். ஆன்லைனில் வாங்கும்போது அளவு அட்டவணையில் ‘உடம்பின் அளவு’, ‘உடையின் அளவு’ என்று இரண்டு இருக்கும். நீங்கள் விரித்து அளந்ததை உடையின் அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இந்த அளவுகளையெல்லாம் போனில் ஒரு குறிப்பாகப் போட்டுவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிறும் இடுப்பும் மட்டும் திரும்ப அளந்தால் போதும்.

2. உடம்பு வாகு: தோளைப் பிடியுங்கள், மற்றதை வெட்டித் தைக்கலாம்

இந்தக் கட்டுரையில் ஒரு விஷயம் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சட்டையின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். பக்கத்தைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், நீளத்தை வெட்டலாம். தோளை மாற்றவேண்டுமென்றால் கையைப் பிரித்து, கைக்குழியை மறுபடி வெட்டி ஏற்ற வேண்டும். பாதிப் பேர் அந்த வேலையை எடுக்கவே மாட்டார்கள். எடுத்தாலும் புதுச் சட்டை தைக்கும் கூலியில் பாதி கேட்பார்கள். தோள் சரியில்லாத சட்டையை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

ஒல்லியானவர்கள். தொளதொளவென்று போட்டால் உடம்பு பெரிதாகத் தெரியும் என்று வீட்டில் சொல்வார்கள். நேர்மாறாகத்தான் நடக்கும், ஹேங்கரில் மாட்டியது போலத் தொங்கும். அதேபோல ஒட்டிப் பிடிக்கும் ஸ்கின்னி பேண்ட்டும் வேண்டாம், காலின் மெலிவு அப்படியே தெரியும். ஸ்லிம் ஃபிட் சட்டை, நேராக இறங்கும் பேண்ட். துணியில் கொஞ்சம் கனம் இருக்கட்டும். ஆக்ஸ்போர்டு, ட்வில் மாதிரி துணிகள் தானே உருவம் பிடித்து நிற்கும், மெல்லிய பாப்லின் எலும்போடு படியும். கட்டம் போட்ட சட்டை உங்களுக்குக் கைகொடுக்கும். கழுத்து நீளமாக இருந்தால் காலர் பட்டி கொஞ்சம் உயரமாக இருப்பதாகப் பாருங்கள். அரைக்கைச் சட்டை எடுத்தால் கை வாயைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ரெடிமேடில் அது அகலமாகவே வரும், குடைபோல் விரிந்து நின்றால் ஒரு அங்குலம் பிடிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. முழுக்கையில் ஒல்லிகளுக்கு வரும் தொல்லை, மார்புக்குச் சரியான சைஸில் கை குட்டையாக இருப்பது. கை நீளத்துக்காக ஒரு சைஸ் கூட்டினால் தோள் இறங்கும். இவர்களுக்குத் தையல்தான் வழி.

தொப்பை உள்ளவர்கள். வயிற்றுக்காகப் பெரிய சைஸ் எடுத்து, தோள் முழங்கையை நோக்கி இறங்கி, கழுத்தில் இரண்டு விரலுக்குப் பதில் நாலு விரல் போய்... நம் ஊர் அலுவலகங்களில் பாதி நடுவயதுக்காரர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள். ரெடிமேட் எடுப்பதாக இருந்தால் ரெகுலர் ஃபிட் மட்டும் பாருங்கள், ஸ்லிம் பக்கம் போகவே வேண்டாம். பட்டன் போட்டு உட்கார்ந்து பாருங்கள். பட்டனைச் சுற்றி எக்ஸ் மாதிரி சுருக்கம் விழுந்தால் அந்தச் சட்டை வேண்டாம். தைப்பதாக இருந்தால், “அண்ணே, தோளும் மார்பும் ஒடம்பு அளவுக்கு வைங்க, வயித்துல மட்டும் லூஸ் குடுங்க” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக வெட்டிவிடுவார்கள்.

பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுவதுதான் பெரும் பிரச்சினை. கீழே கட்டினால் வயிறு பெல்ட்டுக்கு மேல் வழிகிறது, பேண்ட் நாள் முழுக்க இறங்குகிறது, நீங்கள் நாள் முழுக்க இழுத்துவிடுகிறீர்கள். இடுப்புக்குக் கீழே இறங்கி நிற்கும் லோ ரைஸ் பேண்ட்டை ஒதுக்கிவிட்டு, தொப்புளுக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும் மிட் ரைஸ் எடுங்கள். முன்னால் இடுப்புப் பட்டிக்குக் கீழே ஒரு ப்ளீட், அதாவது மடிப்பு, இருந்தால் உட்காரும்போது தொடையும் வயிறும் இடம் கேட்கையில் அது விரிந்து கொடுக்கும். ப்ளீட் தாத்தா காலத்தது என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பளபளக்கும் துணி வயிற்றின் வளைவில் ஒளி அடித்துக் காட்டும், ஆகவே மங்கலான துணியாக எடுங்கள். மேல் பாக்கெட்டில் போனைப் போடாதீர்கள், சட்டை முன்னால் சாயும்.

குள்ளமானவர்கள். உங்களுக்கு நீளம்தான் எல்லாம். பேண்ட் ஷூவின் மேல் மடிந்து குவிந்தால் கால் இன்னும் குட்டையாகிவிடும். ஷூவைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், பாட்டம் கொஞ்சம் குறுகலாக இருக்க வேண்டும். இன் பண்ணாமல் போடும் சட்டை ஜிப்பின் பாதியில் முடிய வேண்டும். ரெடிமேட் கேஷுவல் சட்டைகள் உங்களுக்குத் தொடைவரை வரும், வெட்டி மடிக்கக் கூச்சப்படாதீர்கள். சட்டைக்கும் பேண்ட்டுக்கும் கடும் வெளுப்பு, கடும் கறுப்பு என்று வித்தியாசம் வேண்டாம், அது உடம்பைப் பாதியாக வெட்டும். பெரிய கட்டம், அகலமான பெல்ட், கீழே மடித்துவிட்ட பேண்ட் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். மெல்லிய செங்குத்துக் கோடு நல்லது.

ஜிம் உடம்பு. மார்புக்கும் தொடைக்கும் எடுத்தால் இடுப்பு தொளதொளக்கும். தொடைக்குப் பொருந்துகிற பேண்ட்டை எடுத்து, பின் நடுத்தையலில் இடுப்பைப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு அங்குலம்வரை தாராளமாகப் பிடிக்கலாம், அதற்கு மேல் போனால் பின் பாக்கெட்டுகள் இரண்டும் நெருங்கி வந்துவிடும். சட்டைக்குப் பின்பக்கம் இரண்டு டார்ட், அதாவது இடுப்பருகே துணியை உள்ளே மடித்துப் பிடிக்கும் தையல், போடச் சொல்லுங்கள். பேண்ட் துணியில் இழுபட்டுக் கொடுக்கும் லைக்ரா நூல் கொஞ்சம் கலந்திருந்தால் தொடையில் இறுக்காது.

உயரமாகவும் சராசரி உடம்போடும் இருப்பவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. எதைப் போட்டாலும் பொருந்துகிறது, கொடுத்து வைத்தவர்கள்.

3. நிறம்: வாசலுக்கு வந்து பாருங்கள்

மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிகிறதா, நீலமாகத் தெரிகிறதா என்று பார்த்து உங்கள் தோலின் அடிநிறத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் குறிப்புகளைப் படித்திருப்பீர்கள். நம்மில் பலருக்கு நரம்பு என்ன நிறம் என்று சொல்லும் அளவுக்குத் தெரிவதே இல்லை. அதை விடுங்கள். துணியை முகத்தருகே பிடித்துப் பார்ப்பதுதான் நடக்கிற காரியம்.

செய்முறை இது. பிடித்த நாலைந்து சட்டைகளை எடுத்துக்கொண்டு பகல் வெளிச்சம் விழும் இடத்துக்கு வாருங்கள். கடை வாசல், ஜன்னலோரம், எதுவானாலும் சரி. பெரிய கடைகளில் துணியோடு வாசலுக்கு விடமாட்டார்கள். ஊழியர் ஒருவரைக் கூடவே வரச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் வருவார்கள். துணியைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள், துணியைப் பார்க்காதீர்கள். கண்ணுக்குக் கீழே கருமை கூடுகிறதா, உதடு வெளிறுகிறதா, தாடி நிழல் அழுத்தமாகிறதா என்று கவனியுங்கள். அடுத்த துணியை வைத்ததும் முகம் தெளிந்தால் அதுதான் உங்கள் நிறம். போன் கேமராவை இதற்கு நம்பாதீர்கள். அது ஒவ்வொரு படத்துக்கும் வெள்ளையைத் தானே சரிசெய்துகொள்ளும்.

கடைக்குள் இருக்கும் விளக்கு நிறத்தை மாற்றிக் காட்டும். மஞ்சள் விளக்கில் கறுப்பும் கருநீலமும் ஒன்றாகத் தெரியும். கறுப்பு பேண்ட் என்று வாங்கி வீட்டுக்கு வந்து பார்த்தால் நேவி புளூவாக இருக்கும். இந்த இரண்டு நிறத்தையும் மட்டுமாவது கட்டாயம் வெயிலில் பாருங்கள்.

பொதுவாக நான் கண்டதைச் சொல்கிறேன். விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நல்ல கறுப்பாக இருப்பவர்களிடம் “வெளிர் கலரே போடு” என்றும், “லைட் கலர் போட்டா இன்னும் கறுப்பாத் தெரிவே” என்றும் இரண்டு கட்சியாகப் பிரிந்து அறிவுரை சொல்வார்கள். இரண்டுமே கறுப்பை மறைக்க வேண்டிய ஒன்றாக நினைப்பதால் வருவது. தூய வெள்ளை உங்களுக்கு மற்ற யாரையும்விட நன்றாக இருக்கும். அழுத்தமான, தெளிவான நிறங்களும் அப்படியே: மெரூன், மயில் நீலம், பாட்டில் பச்சை, கடுகு மஞ்சள், ராயல் புளூ. வெளிர் ரோஸையும் பயப்படாமல் வைத்துப் பாருங்கள், என் தம்பிக்கு அதுதான் அமைந்தது. ஒதுக்க வேண்டியது தோல் நிறத்துக்கு அருகில் வருகிற மங்கலான வகை: மண் நிறம், அடர் காக்கி, அழுக்குச் சாம்பல். முகமும் சட்டையும் ஒன்றோடொன்று கலந்து சோர்வாகக் காட்டும். பழுப்பு பிடிக்கும் என்றால் பேண்ட்டில் போடுங்கள், முகத்திலிருந்து தூரமாக இருக்கும்.

மாநிறத்துக்கு வசதி அதிகம். வான நீலம், ஆலிவ் பச்சை, செங்கல் நிறம், ஒயின் சிவப்பு, நேவி எல்லாம் போகும். பொறி ஒன்றே ஒன்று, அந்தச் சந்தனக் கலர். அதுவும் பிஸ்கட் கலரும் மாநிறத்துக்கு மிக அருகில் வருபவை, தூரத்திலிருந்து பார்த்தால் சட்டையே போடாத மாதிரி இருக்கும். கடைக்காரர்கள் ஏன் எல்லோருக்கும் அதையே முதலில் எடுத்துப் போடுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நல்ல சிவப்பாக இருப்பவர்களுக்கு வெளிர் மஞ்சளும் க்ரீமும் முகத்தை வெளிறடிக்கும். கருநீலம், கரும்பச்சை, அடர் சாம்பல் மாதிரி அழுத்தமானவை தலைமுடியின் கறுப்போடு சேர்ந்து நன்றாக நிற்கும்.

நிறத்தில் இன்னொரு கணக்கு வியர்வை. பைக்கில் அலுவலகம் போகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நடுத்தரச் சாம்பலும் வான நீலமும் அக்குளில் ஈரத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும். வெள்ளை, நேவி, மெல்லிய கோடு போட்டவை மறைக்கும். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பனியன் போட்டால் பனியனின் விளிம்பு வெளியே தெரியும், தோல் கறுப்பாக இருந்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். தோல் நிறத்திலோ வெளிர் சாம்பலிலோ பனியன் போட்டால் தெரியாது.

முதல் நாலு சட்டைக்கு என் சிபாரிசு: ஒரு வெள்ளை, ஒரு மெல்லிய கோடு, வாசலில் பார்த்து உங்கள் முகத்துக்கு அமைந்த நிறத்தில் இரண்டு. பேண்ட் ஒன்று நேவி, ஒன்று அடர் சாம்பல். எட்டு ஜோடியும் பொருந்தும். கறுப்பு பேண்ட் முதலில் வேண்டாம். தூசி காட்டும், பத்துப் பதினைந்து துவைப்பில் முட்டியில் வெளுக்கும்.

4. துணி

வெயில் ஊரில் சட்டைக்குப் பருத்தி, அல்லது பருத்தி கூடிய கலப்பு. லேபிளில் சதவீதம் போட்டிருப்பார்கள், பருத்தி 60-க்குக் கீழே என்றால் ஏசி அலுவலகத்துக்கு மட்டும் எடுங்கள். லினன் காற்றோட்டமானது, ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து எழுந்தாலே கசங்கும். தினமும் அயர்ன் பண்ண ஆள் இருந்தால் சரி. பேண்ட்டுக்கு முழுப் பருத்தியைவிடப் பாலியெஸ்டர்–விஸ்கோஸ் கலப்பு மடிப்பு நின்று விழும், சீக்கிரம் காயும். துணியைக் கையில் கசக்கிப் பத்து விநாடி பிடித்துவிட்டு விடுங்கள். சுருக்கம் அப்படியே நின்றால் மாலை அலுவலகம் விடும்போது நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று தெரிந்துவிடும்.

5. ரெடிமேடா, தையலா? செலவுக் கணக்கு

உங்கள் உடம்பு தோள், மார்பு, கை மூன்றிலும் லேபிளோடு ஒத்துப்போனால் ரெடிமேடே போதும், நேரம் மிச்சம். ஏதாவது ஒன்று ஒத்துவரவில்லை என்றால் ரெடிமேட் வாங்கி ஆல்ட்டர் பண்ணலாம். இரண்டு ஒத்துவரவில்லை என்றால் துணி எடுத்துத் தைப்பதுதான் லாபம்.

துணி எவ்வளவு வேண்டும் என்பது அகலத்தைப் பொறுத்தது. 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.6 மீட்டர், பேண்ட்டுக்கு 1.2 முதல் 1.3 மீட்டர். 36 அங்குல அகலத்தில் சட்டைக்கே இரண்டேகால் மீட்டருக்கு மேல் ஆகும். மீட்டர் விலை மலிவாக இருக்கிறதே என்று 36 அங்குலத் துணியை எடுத்தால் மொத்தத்தில் அதே விலை வந்து நிற்கும். உயரமானவர்களும் தொப்பைக்காரர்களும் கால் மீட்டர் கூட்டி எடுங்கள். தயாராக வெட்டிப் பெட்டியில் போட்டு விற்கும் ‘பிட்’ துணி உங்களுக்குப் போதாமல் போகலாம், வாங்குமுன் தையல்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

கூலி ஊருக்கு ஊர் மாறும். நான் விசாரித்த வரை, சின்ன ஊர்களில் சட்டைக்கு முந்நூற்றைம்பதிலிருந்து, பேண்ட்டுக்கு நானூற்றைம்பதிலிருந்து தொடங்குகிறது. சென்னையில் பெயர் பெற்ற கடைகளில் அதைப்போல் இரண்டு மடங்கு. துணியோடு சேர்த்தால் ஒரு நல்ல பருத்திச் சட்டை நடுத்தரமான ரெடிமேட் சட்டையின் விலைக்கு வந்து நிற்கும். ஆல்ட்டர் வேலை ஒவ்வொன்றும் ஐம்பதிலிருந்து நூற்றைம்பதுக்குள் முடிந்துவிடும். பட்ஜெட் போடும்போது ஒவ்வொரு ரெடிமேட் உருப்படிக்கும் நூறு ரூபாய் ஆல்ட்டர் செலவு என்று சேர்த்தே போடுங்கள்.

வரியும் கணக்கில் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், உருப்படி ஒன்றின் விற்பனை விலை ரூ. 2,500 வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினால் 18 சதவீதம். முதல் வேலைக்கு அதைத் தாண்டும் சட்டை தேவையும் இல்லை.

திருப்பூர் காதர்பேட்டையில் டி-ஷர்ட்டும் பனியனும் மலிவு. ஆனால் எக்ஸ்போர்ட் மிச்சம் என்று விற்பதில் ‘எம்’ என்று போட்டிருப்பது வெளிநாட்டு உடம்புக்கான எம். நம் எல்-லுக்குப் பக்கத்தில் இருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள், மாற்றித் தரமாட்டார்கள்.

6. தையல்காரரிடம் போகும்போது

துணியை முதலில் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போட்டு அயர்ன் பண்ணிக் கொடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். நனைக்காமல் தைத்த சட்டைக்கை முதல் துவைப்புக்குப் பிறகு மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிடும். “நாங்களே நனைச்சுக்கறோம் தம்பி” என்பார்கள். தீபாவளி நெரிசலில் யாரும் நனைப்பதில்லை.

‘அளவுச் சட்டை’ கொடுத்துவிட்டு வராதீர்கள். பழைய சட்டையில் இருக்கும் குறையெல்லாம் புதிதிலும் வரும். உடம்பில் அளவெடுக்கச் சொல்லுங்கள். பேண்ட் அளவு கொடுக்கும்போது அலுவலகத்துக்குப் போடும் ஷூவோடும் பெல்ட்டோடும் போங்கள். ரப்பர் செருப்போடு போய் அளவு கொடுத்தால் ஷூ போட்டதும் பேண்ட் அரை அங்குலம் ஏறி நிற்கும்.

கேட்டு வாங்க வேண்டியவை: இடுப்பிலும் பக்கத்திலும் உள்ளே ஓர் அங்குலம் துணி விடச் சொல்லுங்கள், நாளைக்கு எடை கூடினால் பிரித்து விடலாம். முதல் சட்டை ஒன்றை மட்டும் தைத்துக் கொடுக்கச் சொல்லி, போட்டுத் துவைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். நாலையும் ஒரே நாளில் கொடுத்தால் நாலிலும் ஒரே குறை.

ரசீதில் இருக்க வேண்டியவை: உங்கள் அளவுகள், உருப்படி எண்ணிக்கை, கூலி, முன்பணம், கொடுக்கும் தேதி. ஒரு துண்டுத் துணியைச் சீட்டில் பின் அடித்துக் கேளுங்கள், ஒரே நேவியில் பத்துப் பேண்ட் தொங்கும் கடையில் ஆள் மாறிப் போவது நடக்கிற விஷயம். அளவுப் புத்தகத்தில் உங்கள் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறினாலும் அந்தப் படம் அடுத்த தையல்காரரிடம் உதவும். கூலியில் பாதிக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

7. டிரையல் ரூமில்

நின்று பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். இன் பண்ணிய சட்டை முழுசாக வெளியே வந்தால் நீளம் போதாது, அல்லது கைக்குழி இறங்கியிருக்கிறது. மேல் பட்டனைப் போட்டுக் கழுத்துக்குள் இரண்டு விரல் விடுங்கள். பைக் ஓட்டுவது போல் கையை முன்னால் நீட்டுங்கள், முதுகு இழுக்கிறதா என்று தெரியும். பேண்ட்டோடு குந்தி உட்காருங்கள், அறையில் இடம் இல்லாவிட்டால் வெளியே வந்து உட்காருங்கள். பக்கவாட்டுப் பாக்கெட் வாய் பிளந்து நின்றால் சீட்டும் தொடையும் இறுக்கம் என்று அர்த்தம், சைஸ் மாற்ற வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைக்குப் போவது நல்லது. வயிறு உண்மை பேசும்.

8. பில்

பில்லை வாங்காமல் வராதீர்கள், டேக்கை முதல் நாளே வெட்டாதீர்கள். பல கடைகளில் சைஸ் மாற்றம் ஒரு வாரத்துக்குள், பில்லும் டேக்கும் இருந்தால் மட்டும். தள்ளுபடியில் வாங்கியதை மாற்றமாட்டோம் என்பார்கள், அதைப் பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். ஆல்ட்டர் பண்ணிய உருப்படியை யாரும் மாற்றித் தரமாட்டார்கள். ஆகவே வீட்டுக்குக் கொண்டுபோய் ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகே ஆல்ட்டருக்குக் கொடுங்கள். கடையிலேயே ‘இலவச ஆல்ட்டரேஷன்’ என்று ஆசை காட்டினாலும் பொறுங்கள்.

சைஸ் சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு மாற்றித் தருவது கடையின் விருப்பம். குறைபாடுள்ள துணி வேறு சங்கதி: தையல் விட்டிருந்தாலோ, துணியில் ஓட்டை இருந்தாலோ, “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டி அனுப்ப முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அதே கணக்கில்தான் வரும். பேசிப் பார்த்தும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

9. எப்போது போவது

ஆடித் தள்ளுபடி ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. பேண்ட், வெள்ளைச் சட்டை மாதிரி மாறாத உருப்படிகளுக்கு அது நல்ல நேரம். முதல் வாரத்திலேயே போனால்தான் நடு சைஸ்கள் இருக்கும். கைத்தறி எடுப்பதாக இருந்தால் கோ-ஆப்டெக்ஸில் தீபாவளியை ஒட்டி 30 சதவீதத் தள்ளுபடி வரும்.

தையலுக்கு நேரம் வேறு. தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நல்ல தையல்காரர்கள் துணி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். மே கடைசியும் ஜூனும் பள்ளிச் சீருடைக் காலம், அப்போதும் உங்கள் பேண்ட் மூட்டைக்கு அடியில் போகும். கல்யாண முகூர்த்த வாரங்களும் அப்படித்தான். வேலையில் சேரும் தேதிக்கு ஒரு மாதம் முன்பாவது துணியைக் கொடுங்கள்: முதல் சட்டைக்கு ஒரு வாரம், துவைத்துப் பார்க்க மூன்று நாள், மிச்சத்துக்கு பத்து நாள், திருத்தத்துக்கு ஒரு வாரம். ‘வெள்ளிக்கிழமை வாங்கிக்கோங்க’ என்று சொன்னால் திங்கள் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

10. வேட்டி எடுப்பவர்களுக்கு

பொங்கலுக்கோ பண்பாட்டு நாளுக்கோ அலுவலகத்தில் வேட்டி கட்டச் சொல்வார்கள். ஒல்லியானவர்களுக்கு 8 முழம், இடுப்பில் சுற்று கூடி உருவம் கொடுக்கும். தொப்பை உள்ளவர்களுக்கு 4 முழத்தில் விளிம்பு போதாமல் நடக்கும்போது திறந்துகொள்ளும், நீங்களும் 8 முழமே எடுங்கள். குள்ளமானவர்களுக்கு மெல்லிய கரை. வெல்க்ரோ ஒட்டியது கட்டத் தெரியாதவர்களுக்கு வசதி, பைக்கில் ஏறும் முன் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரையின் நிறத்தில் கவனம். கறுப்பு–சிவப்புக் கரை திமுக, இடையில் வெள்ளை சேர்ந்தால் அதிமுக. கடையில் அடுக்கில் முன்னால் இருப்பது பெரும்பாலும் இவைதான். அழகாக இருக்கிறதே என்று கட்டிக்கொண்டு போனால் மேலாளர் முதல் வாட்ச்மேன்வரை எந்த வார்டு என்று கேட்பார்கள். பச்சையோ மெரூனோ ஜரிகையோ போட்ட ஒற்றைக் கரை எடுத்துவிடுங்கள்.

புதிதாக எடுத்த மெரூன், நேவி உருப்படிகளை முதல் மூன்று துவைப்பும் தனியாக, உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். வேட்டியையும் வெள்ளைச் சட்டையையும் அந்த வாளிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.